ஆச்சியின் கைப்பிடி அரிசி

நேயர்களுக்கு வணக்கம். மனதில் நிற்கும் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். தலைவர், புலவர் என்று யாரையாவது எதிர்பார்த்திருப்பார்கள் போல. அப்பாவைப் பெற்ற ஆச்சியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சிரித்தார்கள், ஆனால் தடுக்கவில்லை.

ஆச்சிக்கு ஊர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம். திருச்செந்தூர் வட்டாரத்தில் போய்வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். செக்கச்செவேல் என்று தேரி மணல், கண்ணுக்கெட்டிய மட்டும் பனை, பனைக்கு மேலே தூய பவுல் ஆலயத்தின் கோபுரம். 1838-இல் அங்கே வந்து சேர்ந்த மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் கட்டிய கோயில். கோபுரம் 192 அடி. ஆச்சி எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம கோபுரத்துக்குக் காணாது" என்பாள். மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் முன்னால் நின்றும் அதையேதான் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் முறைத்தார்கள். பிற்பாடு பார்த்தால் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடிதான்! கணக்குப்படி ஆச்சி சொன்னது சரி. அழகில் எது பெரிது என்று கேட்டிருந்தால் பதில் வேறு.

நான் சொல்ல வந்தது கோபுரத்தை அல்ல, ஆச்சியின் அடுக்களையில் இருந்த ஒரு கலயத்தை. சின்ன மண்கலயம். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி அதில் போடுவாள். அதுதான் கைப்பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். விற்ற காசு ஊழியத்துக்கு. எங்கள் பக்கத்துச் சபைகளில் இருந்தவர்களுக்கு இது பழகிய வழக்கம். மிசோரமில் 1910-இல் தொடங்கிய இதே வழக்கத்தை அங்கே இன்றும் விடவில்லை.

வீட்டில் ரேஷன் அரிசி பொங்கிய காலம் அது. ஒருநாள் அம்மா அவசரத்தில் அந்த அரிசியிலேயே ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிட்டாள். ஆச்சி கலயத்தை அப்படியே சொளகில் கவிழ்த்தாள். கல்லும் கறுப்புமாகப் பொறுக்கிக்கொண்டே, "நாம கல்லைக் கடிக்கலாம். அவருக்கு என்னட்டி தலையெழுத்து?" என்றாள். நல்ல அரிசி ஒரு பிடி தனியாக முடிந்து வைத்திருந்தாள். அது கலயத்துக்கு மட்டும்.

இதில் எனக்கு வெகுகாலமாக ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள், நீங்களாவது கேளுங்கள். கருப்பட்டி விற்ற காசு தாத்தா மடியில். தேங்காய் விற்ற காசும் தாத்தா மடியில். காணிக்கைப் பை வரும்போது ஆச்சி தாத்தாவிடம் கேட்டு வாங்கித்தான் போட வேண்டும். அரிசிப்பானைக்குள் போகிற கை மட்டும் ஆச்சியுடையது. அந்த ஒரு பிடிக்கு அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதைத்தான் திரும்பவும் சொல்கிறேன், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காசில்லாத பெண்கள் தங்கள் கையால் கொடுத்த காணிக்கை அது. திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றை எடுத்துப் பாருங்கள், மிஷனரிகள் வருவார்கள், பிஷப்மார் வருவார்கள். கலயம் வைத்தவர்களைத் தேட வேண்டியிருக்கும்.

ஆச்சிக்கு அந்த அரிசி எங்கே போகிறது என்பதில் சந்தேகமே கிடையாது. நேரே தோர்ணக்கல்லுக்குப் போகிறது! மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் அசரியா. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தெலுங்கு தேசத்துக்கு ஊழியத்துக்குப் போய், 1912-இல் அங்குள்ள தோர்ணக்கல்லுக்குப் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப். அவர் 1945-இலேயே காலமாகிவிட்டார். ஆச்சி அதைப் பொருட்படுத்தவில்லை. "நம்ம வெள்ளாளன்விளைப் பிள்ளை தூர தேசத்துல பசியோட இருக்கப்பிடாது" என்று அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் அள்ளிப் போட்டாள்.

ஒரு கோழிக் கதையும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் போனால் என் தங்கை கோபித்துக்கொள்வாள்.

அறுப்பின் பண்டிகையில் ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். வாழைத்தார், முட்டை, முருங்கைக்காய், கருப்பட்டி என்று படைத்ததையெல்லாம் கூவி ஏலம் விடுவார்கள். ஒரு முருங்கைக்காய் என்ன விலைக்குப் போகும் என்று கடைக்காரனுக்குச் சொன்னால் மயங்கி விழுவான். அந்த வருஷம் ஆச்சி தன் செவலைக் கோழியைப் படைத்தாள். ஏலத்தில் அதைத் தூக்கிப் பிடித்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை, தானே விலை கேட்க ஆரம்பித்தாள். "குடுத்த கோழிய நீயே கேக்கியே, வெக்கமா இல்லையா?" என்று தாத்தா பல்லைக் கடித்தார். "குடுத்தாச்சு. இப்போ அவருகிட்ட இருந்து வெலைக்கு வாங்குதேன்" என்றாள் ஆச்சி. எதிர்வீட்டு மதினி விடவில்லை, மேலே மேலே கேட்டுக் கோழியை எடுத்துவிட்டாள். எடுத்ததோடு போகட்டும், அன்று மத்தியானமே குழம்பு! மணம் தெரு முழுக்க. ஆச்சி மதினியோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அடுத்து நற்கருணை ஞாயிறு வருகிறது. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயுவில் இருக்கிறதே, ஆச்சி அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறவள். சனிக்கிழமை அந்திக்கு முந்தானையைச் சரிசெய்துகொண்டு எதிர்வீட்டு நடையில் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன்.

"மதினி, நாளைக்கு நற்கருணை. அதுக்காக ராசியாப் போவோம்னு வந்தேன். கோழி விசயத்தைத் திங்கக்கிழமை பாத்துக்கிடலாம்."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு, "உள்ள வாங்க, காப்பி குடிங்க" என்றாள்.

"காப்பியும் திங்கக்கிழமைதான்."

திங்கட்கிழமையைப் பற்றி மத்தேயு ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

சாயங்கால ஜெபத்தில் ஆச்சி ஆண்டவரிடம் குடும்பத்தார் பெயரை வரிசையாகச் சொல்வாள். மாட்டுக்கும் இடம் உண்டு. நடுவே, "சில பேரு கொழம்புல உப்பை அள்ளிக் கொட்டுதாங்க சாமி, அவங்களுக்கு நல்ல புத்தியக் கொடும்" என்று வரும். அம்மா கண்ணை மூடிக்கொண்டே, "ஆமென்" என்று முதல் ஆளாகச் சொல்வாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஜெபம் நடந்திருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். உண்மையில் ஆச்சி பாடிய கீர்த்தனைகளைப் பற்றிப் பேசத்தான் தயார் செய்துகொண்டு வந்தேன். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், சரபோஜி மன்னர் காலத்துக் கிறிஸ்தவக் கவிஞர், அவர் பாட்டென்றால் ஆச்சிக்கு உயிர். எழுதப் படிக்கத் தெரியாது, எல்லாம் மனப்பாடம். ராகம் மட்டும் சொந்த ராகம். ஆர்மோனியக்காரர் துரத்திக்கொண்டே வர வேண்டும். இரண்டு வரி பாடிக் காட்டலாம் என்றுகூட நினைத்திருந்தேன். மணி ஆகிவிட்டது என்கிறார்கள், நிலையத்தார் மறுபடி கூப்பிட்டால் பாடுகிறேன். வணக்கம்.