சீழ் கட்டிய மண்ணீரல்: விடாத காய்ச்சலைச் சும்மா விடாதீர்கள்

வணக்கம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பக்கம் வயலில் இறங்குகிறவர்கள், அதிலும் சர்க்கரை உள்ளவர்கள், இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நடவு முடிந்ததிலிருந்து காய்ச்சல், மாத்திரை போட்டால் இறங்கும், மறுபடி ஏறும், இரண்டு வாரமாகியும் விடவில்லை, கூடவே இடது விலாவுக்குக் கீழே வலி, சிலருக்கு அது இடது தோள் வரை போகும். டைஃபாய்டு என்றுதான் முதலில் நினைப்போம். மண்ணீரலில் சீழ் கட்டியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

(திரையில்: வயிற்றின் படம், இடது விலாக்கள்)

மண்ணீரலின் வேலை ரத்தத்தை வடிகட்டுவது, அதனால் ரத்தத்தில் சுற்றும் கிருமி அங்கே தங்கிவிடுவது உண்டு. இதய வால்வில் தொற்று, டைஃபாய்டு, காசநோய், அடிபட்டு உள்ளே உறைந்த ரத்தம் எல்லாமே காரணமாகலாம். அட்டப்பாடியில் சிக்கிள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய்) உள்ளவர்களுக்கு, ரத்தம் போகாமல் செத்துப்போன மண்ணீரல் பகுதியில் கிருமி ஏறலாம்.

நம் பக்கத்தில் நினைவில் வைக்க வேண்டியது மெலியாய்டோசிஸ். 1911இல் ரங்கூனில் அடையாளம் கண்ட நோய். சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் பாக்டீரியா, கால் வெடிப்பு வழியாகவே உள்ளே போய்விடும், மழைக்காலத்தில் அதிகம். பார்க்கக் காசநோய் மாதிரியே இருப்பதால், டிபி மருந்து சாப்பிட்டுக்கொண்டே நாளைக் கடத்தியவர்களும் உண்டு.

சரி, என்ன செய்வது? ஸ்கேன், அப்புறம் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்தில் என்ன கிருமி என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. லேபில் மெலியாய்டோசிஸ் கிருமியைச் சூடோமோனாஸ் என்ற வேறொரு சாதாரண பாக்டீரியா என்று ஒதுக்கிவிடுவதும் நடக்கும், அதனால் மெலியாய்டோசிஸ் இருக்குமா என்று டாக்டரிடம் வாய்விட்டே கேளுங்கள், தப்பில்லை.

சின்னச் சின்னக் கட்டிகள் பலவாக இருந்தால் பெரும்பாலும் மருந்திலேயே கரையும். பெரிய ஒற்றைக் கட்டி என்றால் ஸ்கேன் பார்த்தபடி ஊசியோ குழாயோ விட்டுச் சீழை எடுப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் மண்ணீரலையே எடுப்பது. மெலியாய்டோசிஸ் என்றால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி, உள்ளுறுப்பில் கட்டி இருப்பதால் குறைந்தது 4 வாரம் போகும், பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். காய்ச்சல் விட்டதுமே மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் நோய் திரும்பி வருகிறது.

மண்ணீரலை எடுத்தவர்களுக்கு நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி) என்ற மூன்று பாக்டீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகள் அவசியம், பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பாலக்காட்டில் தொடங்கி பாதியில் கோயம்புத்தூருக்கு மாறுகிறீர்களா, கல்ச்சர் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் படத்தையும் கையோடு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.