வீடியோ ரூட்டர் வாங்கும் முன் அவுட்புட்டை எண்ணுங்கள்

வணக்கம். ரூட்டர் என்றதும் வீட்டில் வைஃபை தரும் பெட்டியை நினைத்துவிடாதீர்கள். டிவி ஸ்டூடியோவில் ரூட்டர் என்றால், உள்ளே வரும் எந்த வீடியோவையும் வெளியே எந்த இடத்துக்கும், ஒரே நேரத்தில் எத்தனை இடத்துக்கு வேண்டுமானாலும், பட்டனைத் தட்டி அனுப்புகிற பெட்டி. பிசிஆரில், அதாவது நிகழ்ச்சியை இயக்கும் கண்ட்ரோல் ரூமில், லைவ் கட் செய்யும் ஸ்விட்சர் வேறு, இது வேறு.

(திரையில்: வெள்ளைத் தாள், பேனா)

பெட்டி விலை கேட்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். சின்ன நியூஸ் சேனல் ஒன்றை வைத்துக்கொள்வோம். கேமரா 4, சர்வர் 3, கிராபிக்ஸ் 2, வெளியிலிருந்து வரும் லைவ் 4, ஸ்விட்சரிலிருந்து வெளிவரும் ப்ரோகிராமும் (ஒளிபரப்பாகும் படம்) ஆக்ஸும் (கூடுதல் அவுட்புட்) சேர்த்து 3. மொத்தம் 16 இன்புட். உடனே "16க்கு 16 போதும் சார்" என்பார்கள். போதவே போதாது!

அவுட்புட் பக்கம் வாருங்கள். ஒரே திரையில் 16 வீடியோவைக் கட்டம் கட்டமாகக் காட்டும் மல்டிவியூவர் ஒன்றுக்கு ரூட்டரிலிருந்து கொடுத்தாலே 16 அவுட்புட்டும் காலி. ஸ்விட்சருக்கு 6, இன்ஜெஸ்டுக்கு (வருவதை சர்வரில் பதிவு செய்ய) 4, ஸ்டூடியோ மானிட்டர்களுக்கு 3, ஒளிபரப்புக்கு மெயினும் பேக்கப்பும் 2, இன்ஜினியர் டேபிளுக்கு 1. ஆக 32. கால்வாசி உபரி சேர்த்தால் 40. அதனால்தான் 40க்கு 40 எடுங்கள் என்கிறேன். இடம் தீர்ந்தபின் இன்னொரு பெட்டி வாங்கி இரண்டையும் கேபிளால் இணைத்தால், அந்த இணைப்புகளுக்கே இரண்டு பக்கமும் போர்ட் போய்விடும்.

இன்னொன்று, கேமராக்களை ரூட்டர் வழியாக மட்டும் ஸ்விட்சருக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு சிக்னலைப் பல கிளையாகப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிப்யூஷன் ஆம்ப்ளிஃபயர் போட்டு ஒரு கிளையை நேராக ஸ்விட்சருக்கும் இன்னொன்றை ரூட்டருக்கும் கொடுங்கள், ரூட்டர் படுத்தாலும் செய்தி ஓடும். ரூட்டருக்கு இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள், அந்த யுபிஎஸ் போனால் இரண்டும் போய்விடும், தனித்தனி யுபிஎஸ் வேண்டும்.

அடுத்து சிங்க், அதாவது எல்லாக் கருவியும் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒரே நேரத்தில் தொடங்குவது. கேமரா, சர்வர், ரூட்டர் எல்லாம் ஒரே சிங்க் ஜெனரேட்டரிலிருந்து ரெஃபரன்ஸ் வாங்க வேண்டும். படம் இல்லாத கோடுகள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சில உண்டு, 1080ல் 7-வது கோட்டில் ரூட்டர் மாறினால் படம் குதிக்காமல் மாறும். வெளியிலிருந்து வரும் லைவ் நம் சிங்கில் இருக்காது, அதை நம் சிங்குக்குக் கொண்டுவர ஃப்ரேம் சிங்க் என்ற கருவி போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் மாற்றும்போது படம் குதிக்கும்.

(திரையில்: ரேக்கின் பின்பக்கம், கேபிள் கட்டு)

அப்புறம் கேபிள். எச்டி விநாடிக்கு 1.485 கிகாபிட், 4கே ஒரே கேபிளில் வந்தால் 11.88 கிகாபிட். வேகம் கூடக் கூட கேபிள் தாங்கும் தூரம் குறையும். நேற்றுவரை எச்டிக்கு நன்றாக வேலை செய்த நீளமான கேபிள் 4கேயில் கருப்புத் திரை காட்டலாம், அதனால் ரேக்குக்கு ரேக் தூரத்தை டேப் வைத்து அளந்து, மேலே ஏறி இறங்கும் வளைவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 75 ஓம் கேபிளும் அதன் முனையில் 75 ஓம் பிஎன்சி கனெக்டரும்தான். பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கி சிக்னல் திரும்பி அடிக்கும், வெல்க்ரோ போதும்.

லேபிள் விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். ஒரு சேனலில் பேப்பர் டேப்பில் மார்க்கரால் எழுதி ஒட்டினோம். பசை காய்ந்து லேபிள் எல்லாம் ரேக்கின் அடியில் உதிர்ந்து கிடந்தது. ஒரு ராத்திரி லைவ் லைன் ஒன்று போனபோது, நான் டார்ச்சோடு குனிந்து ஒவ்வொரு கேபிளாக அசைக்க, இன்டர்காமில் ஒருவர் "இது இல்லண்ணே, இதுவும் இல்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து அச்சடித்த லேபிள்தான், கேபிளின் இரண்டு முனையிலும், பிஎன்சியிலிருந்து நாலு விரல் தள்ளி. போர்ட் எண், கேபிள் எண், ரேக் எண், பேனலில் வரும் பெயர், நான்கும் ஒரே எக்செல்லில். அதை பிரிண்ட் எடுத்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.