கொழுந்துக் கொட்டகையில் ஒரு டெமோ: கோத்தகிரியில் நாங்கள் பழகிய அஜைல்

(காட்சி: மூடுபனி. தேயிலைச் சரிவு. தூரத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை.)

வணக்கம். கோத்தகிரியிலிருந்து பேசுகிறேன். பின்னால் சடசடவென்று சத்தம் கேட்டால் அது மழை, எங்கள் அலுவலகத்துக்கும் தகரக் கூரைதான்.

ஆறு பேர் கொண்ட சின்ன மென்பொருள் குழு எங்களுடையது. ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு ஆப் செய்து கொடுத்தோம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை எடை போடும்போதே பதிவு செய்து, மாதக் கடைசியில் யாருக்கு எவ்வளவு பணம் என்று அது சொல்ல வேண்டும். மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டாகச் செய்து, காட்டி, திருத்திக்கொண்டே போவதுதான் அஜைல் முறை. அந்த வேலையில் அதை எப்படிச் சொதப்பினோம், எங்கே பிடி கிடைத்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சான்றிதழ் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது.

(காட்சி: வெள்ளைப் பலகை. அதில் 2001 என்ற எண்.)

முதலில் கொஞ்சம் வரலாறு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்நோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள். கென்ட் பெக், மார்ட்டின் ஃபவுலர், வார்ட் கன்னிங்காம், அஜைல் வகைகளில் ஒன்றான ஸ்க்ரம் முறையைக் கொண்டுவந்த கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லேண்ட் எல்லோரும் அதில் உண்டு. அவர்கள் எழுதியதுதான் அஜைல் அறிக்கை. 4 மதிப்புகள், 12 கொள்கைகள், அவ்வளவுதான். படித்து முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அதில் ஸ்டாண்ட்-அப் என்ற சொல் கிடையாது, ஸ்பிரிண்ட் கிடையாது, ஸ்டோரி பாயின்ட்டும் கிடையாது. ஸ்டாண்ட்-அப் என்பது தினமும் நின்றபடியே நடத்தும் சின்னக் கூட்டம். ஸ்பிரிண்ட் என்பது வேலைக்கு ஒதுக்கும் குறுகிய காலம், எங்களுக்கு இரண்டு வாரம். ஸ்டோரி பாயின்ட் என்பது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழு போடும் மதிப்பெண். எங்கள் முதல் வருடம் முழுக்க இந்த மூன்றைச் சுற்றியே ஓடியது.

ஸ்டாண்ட்-அப்பை எடுத்துக்கொள்வோம். தினமும் காலை 9:30. எல்லோரும் என் முகத்தைப் பார்த்து நிற்பார்கள். "நேற்று அதே வேலை, இன்றும் அதே வேலை, தடை ஒன்றும் இல்லை." அடுத்தவர். பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பது போலத்தான் இருக்கும். எங்கள் டெஸ்டர் ஒருமுறை சர்வர் கடவுச்சொல் கிடைக்காமல் நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். நான்கு நாளும் "தடை இல்லை" என்றுதான் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கடவுச்சொல் உங்களிடம்தான் அண்ணா இருந்தது. ரெண்டு தடவை கேட்டேன், மறந்துட்டீங்க. எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?" என்றார். அன்று சாயங்காலம் வரை எனக்கு யாரிடமும் பேச வரவில்லை.

அதற்குப் பிறகு ஆளைக் கேட்பதை நிறுத்திவிட்டுப் பலகையைக் கேட்க ஆரம்பித்தோம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை, வேலை நகர நகர அட்டையும் பலகையில் வலப்பக்கம் நகரும். பலகையின் வலது ஓரத்தில், முடியும் நிலையில் இருக்கும் அட்டையிலிருந்து தொடங்குவோம். "இது இன்று முடிய என்ன வேண்டும்?" இந்த ஒரே கேள்விதான். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன என்ற பழைய மூன்று கேள்விகளை ஸ்க்ரம் கையேடே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இன்னொன்றும் செய்தேன். வாரத்தில் இரண்டு நாள் ஸ்டாண்ட்-அப்புக்கு நான் போவதில்லை. அந்த இரண்டு நாளில்தான் நன்றாகப் பேசிக்கொள்கிறார்களாம்.

(காட்சி: கொட்டகையின் உள்ளே. தொங்கும் தராசு, ஈரச் சாக்குகள், வரிசையில் நிற்கும் பெண்கள்.)

சரி, இப்போது கொட்டகைக்கு வருவோம்.

மூன்று ஸ்பிரிண்ட், அதாவது ஆறு வாரம், எடை பதியும் திரையைச் செய்தோம். ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் டெமோ உண்டு. தொழிற்சாலை அலுவலகத்தில், புரொஜெக்டர் போட்டு, பிஸ்கட்டோடு. மேலாளருக்குப் பிடித்திருந்தது, கணக்காளருக்கும் பிடித்திருந்தது. எடை போடுகிறவரை மட்டும் நாங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் மாதம், வடகிழக்குப் பருவமழை பிடித்திருந்த ஒரு மத்தியானம், போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். எடை போடும் அண்ணனிடம் கொடுத்தோம். அவர் கையெல்லாம் ஈரம். திரையைத் தொட்டார், ஒன்றும் ஆகவில்லை. லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார், வேறு பெயர் விழுந்தது. பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அழகாக வைத்திருந்தோம். அந்த ஊரில் ஒரே பெயரில் ஐந்தாறு பேர். அவருக்கு ஆட்களின் எண்தான் மனப்பாடம், பெயர் இல்லை. எப்படியோ பதிந்தார். சேமி என்ற பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பள்ளத்தில் சிக்னல் வராது.

அதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. காலையிலிருந்து கொழுந்து பறித்து, சாக்கைத் தலையில் சுமந்து வந்த அக்காக்கள் மழையில் நிற்கிறார்கள். ஒருவர் சத்தமாகவே கேட்டார்: "என்னப்பா, விளையாடுறீங்களா?" அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, அந்த நோட்டை எடு." காதில் சொருகியிருந்த பேனாவை எடுத்தார். பத்து நிமிடத்தில் வரிசை கரைந்தது.

ஈர இலைக்கு எடையில் கழிக்கும் கணக்கு இன்னும் வேடிக்கை. இத்தனை சதவீதம் என்று ஒரு எண்ணைக் கட்டாயமாக்கியிருந்தோம். அங்கே நடப்பது வேறு. அவர் சாக்குக்குள் கைவிட்டு அள்ளிப் பார்த்து ஒரு அளவு சொல்வார், அந்த அக்கா அதற்கு மல்லுக்கு நிற்பார், இரண்டும் சேர்ந்து ஓர் எண் வரும். அந்தப் பேரத்தை எந்தத் தேவைப் பட்டியலிலும் யாரும் எங்களுக்கு எழுதித் தரவில்லை. எழுதியும் தந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த 9 நாளில் திரையை மாற்றினோம். பெயருக்குப் பதில் எண், பெரிய பெரிய இலக்கங்கள். போனிலேயே சேமித்து, சிக்னல் வரும் இடத்தில் அனுப்பிக்கொள்ளும் ஏற்பாடு. கழிக்கும் எடை கையால் போடும் கட்டம். விவசாயிகளுக்கு வண்ண வரைபடம், வானிலை அறிவிப்பு என்று பேக்லாகில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், இருந்த சிலவற்றைத் தூக்கிவிட்டோம். இன்றுவரை யாரும் அவற்றைக் கேட்கவில்லை. செய்யாமல் விடும் வேலையைப் பெருக்குவது ஒரு கலை என்று அந்த 12 கொள்கைகளில் ஒன்று சொல்கிறது. வாசித்தபோது சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து டெமோ என்றால் கொட்டகையில்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை. பிஸ்கட் கிடையாது, கட்டஞ்சாயா உண்டு.

(காட்சி: சாக்கு மூட்டைகள் ஏற்றிய வண்டி மேடேறுகிறது.)

கொட்டகையில் இன்னொன்றும் பார்த்தோம். பறித்த இலையைச் சாக்கில் அமுக்கி நேரம் கடத்தினால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும், அப்புறம் நல்ல தூள் வராது. அன்றைய இலை அன்றே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். எங்களிடமோ எழுதி முடித்து, டெஸ்ட் ஆகாமல், ரிலீஸ் ஆகாமல் 11 அட்டை கிடந்தது. மூன்று வாரம் கழித்து அதில் பக், அதாவது பிழை, வந்தால் எழுதியவனுக்கே எதற்காக எழுதினோம் என்று நினைவில்லை. இப்போது ஆறு பேருக்கு நான்கு அட்டைதான் தொடங்கி முடியாமல் நடுவில் இருக்கலாம். ஐந்தாவதைத் தொடங்க நினைப்பவர், நான்கில் ஒன்றை முடிக்கக் கை கொடுக்க வேண்டும். முதல் மாதம் எல்லோருக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. எனக்கும்.

ஸ்டோரி பாயின்ட் கதை சின்னது. ஒரு ஸ்பிரிண்டில் முடித்த பாயின்ட்டைக் கூட்டி, அந்த எண்ணை வாடிக்கையாளரிடம் காட்டினேன், என் தப்பு. "போன தடவை 21, இந்தத் தடவை 18தானா?" என்றார். அடுத்த ஸ்பிரிண்டில் 30 வந்தது. வேலை அதேதான், எண்தான் கொழுத்தது. அதோடு விட்டோம். மூன்று நாளுக்குள் முடியும் அளவுக்கு வேலையை நறுக்கி, முடிந்த அட்டையை எண்ணுகிறோம்.

ரெட்ரோவில், அதாவது எது சரியாக நடந்தது, எதை மாற்றலாம் என்று குழு திரும்பிப் பார்க்கும் கூட்டத்தில், எங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்று உண்டு. மூத்தவர் வாயைத் திறந்தால் இளையவர்கள் "அண்ணா சொல்றது சரிதான்" என்று முடித்துக்கொள்வார்கள். அதனால் முதலில் எல்லோரும் துண்டுச் சீட்டில் எழுதுவோம், கடைசியாகத்தான் நான் பேசுவேன். ஒரு தடவை மூன்று சீட்டில் "கூட்டம் நீளம்" என்று இருந்தது. யார் எழுதியது என்று தேடவில்லை, கூட்டத்தைக் குறைத்தோம். பதினான்கு தீர்மானம் எழுதிய காலம் போய், இப்போது ஒரே ஒரு தீர்மானம். அதுவும் அட்டையாகப் பலகையில் ஏறும்.

ஆவணம் விஷயத்தில் நன்றாக அடிபட்டோம். விரிவான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருளுக்கு மதிப்பு அதிகம் என்கிறது அறிக்கை. ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே பக்கத்தில் அடியிலேயே இருக்கிறது. அந்த வரியை நாங்கள் படிக்கவில்லை. குன்னூர் ஏலத்தில் தூள் விலை ஏறி இறங்க, பச்சைத் தேயிலை விலையும் மாதத்துக்கு மாதம் மாறும். எந்தத் தேதி இலைக்கு எந்த விலை, பைசாவை எங்கே முழுதாக்குவது என்பதெல்லாம் ஒரே ஒரு டெவலப்பரின் தலையில் இருந்தது. அவர் தன் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்த வாரத்தில்தான் மாதக் கணக்கு ஓடியது. பலருக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் குறைந்தது. பத்து ரூபாய்தானே என்று அந்த வரிசையில் நின்று சொல்லிப் பாருங்கள். இப்போது பண விதி ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணக் கணக்கு எழுதி வைத்திருக்கிறோம். அதுவே தானியங்கி டெஸ்ட்டாகவும் ஓடுகிறது. கோட் மாறும்போது கணக்கு பிசகினால் ரிலீஸ் நின்றுவிடும்.

(காட்சி: பலகை. வலது ஓரத்தில் ஒற்றை மஞ்சள் அட்டை.)

போன வெள்ளிக்கிழமை டெமோவில் அன்று "விளையாடுறீங்களா" என்று கேட்ட அதே அக்கா வந்தார். போனைக் கையில் வாங்கவே இல்லை. "எனக்கு இதைப் படிக்கத் தெரியாது. எத்தனை கிலோன்னு சத்தமாச் சொல்லுமா அது?" என்று கேட்டார். எடை போடும் அண்ணன் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைச் சத்தத்தில் கேட்கிற அளவுக்கு ஒலி வருமா என்று சோதிக்க, நாளைக்கு ஒரு ஸ்பீக்கரோடு கொட்டகைக்குப் போகிறோம்.