குழியே இல்லாத ரோட்டில் கார் ஏன் பாய்ந்தது?

தேவகோட்டையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். மழை விட்ட மறுவாரம் குன்றக்குடி பக்கம் போனாராம். எதிரே பஸ் வந்ததால் இடப்பக்கம் ஒதுங்க, சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. திரும்ப ஏற்றியதும் கார் ஒரேயடியாக வலப்பக்கம் பாய்ந்து புளியமரத்தில் போய் இடித்திருக்கிறது. வேகம் ஐம்பதுதான், ரோட்டில் ஒரு குழிகூட இல்லை, டயர் கோளாறா ஸ்டியரிங் கோளாறா என்கிறார்.

இரண்டும் இல்லை சார். தார் முடிந்து மண் ஓரம் தாழ்ந்து கிடக்கிற இடம், அந்தத் தார் விளிம்புதான் காரணம்.

மோசமான ரோடு என்றாலே நாம் குழியைத்தான் பார்க்கிறோம். தண்ணீர் நிற்காதவரை குழி கண்ணுக்குத் தெரியும், பிரேக் போடலாம். விளிம்பு எவ்வளவு ஆழம் என்பது சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும். இறங்கியதும் நீங்கள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் ஒடித்திருப்பீர்கள். டயரின் பக்கவாட்டுப் பகுதி தார் விளிம்பில் உரசிக்கொண்டே வருமே தவிர ஏறாது. ஏறவில்லையே என்று இன்னும் ஒடிப்பீர்கள். திடீரென்று முன்சக்கரம் ஏறிவிடும். அந்த நொடியில் பிடித்துவைக்க எதுவும் இல்லை, ஸ்டியரிங்கோ வலப்பக்கம் ஒடித்தபடியே நிற்கிறது. அப்புறம் கார் எதிர்வண்டி வரும் பக்கம்தான் பாயும். பஸ் கடந்துபோயிருந்ததால் மரத்தோடு போயிற்று.

இந்த விளிம்பு எப்படி உண்டாகிறது? பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுகிறார்கள், ஒவ்வொரு முறையும் உயரம் கூடுகிறது. ஓரத்திலும் கிராவல் அடித்து அதே மட்டத்துக்கு உருட்ட வேண்டும். விட்டுப்போகிற வேலை அதுதான். அடித்திருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்மூர்ச் செம்மண் அரித்துக்கொண்டு போய்விடும். மழை ஓய்ந்த கையோடு தைப்பூசம் வருகிறது. நகரத்தார் காவடியும், கூடவே எத்தனையோ ஊர்க்காரர்களும் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடப்பார்கள், இரவிலும்தான். ஓரம் அரித்துப்போயிருந்தால் அவர்கள் தார் மேல்தான் நடந்தாக வேண்டும். வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல் போட ஆள் இருக்கிறது, நாலு லோடு கிராவல் அடிக்க ஆள் இல்லை!

சரி, இனி சக்கரம் இறங்கினால் என்ன செய்வது? உடனே ஏற்றப் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். வேகம் நன்றாகக் குறைந்ததும், பின்னால் வண்டி வரவில்லையே என்று பார்த்து, விளிம்பு தாழ்ந்த இடத்தில் மெதுவாக ஏறுங்கள். முன்னால் ஆளோ மரமோ இருந்தால் நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

ரோடு போட்டவர்மேல் வழக்குப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ரோட்டின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ விதித்த தரத்தைக் கடைப்பிடிக்காமல், அதனால் உயிர் போனாலோ ஊனம் ஆனாலோ, பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்களுக்குப் போனது பம்பர் மட்டும் என்பதால் அந்தப் பிரிவு பொருந்தாது. விளிம்பில் டேப் வைத்து அளந்து ஒரு போட்டோ எடுத்து, நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதிப் போடுங்கள். பம்பர் செலவை இன்சூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.