புதுப் புத்தகம் ஒன்று, பக்கத்தில் பழைய புத்தகம் ஒன்று: பர்மா பிரிந்த கதை

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் கேமரா என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்க்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும், காட்ட வேண்டியது எல்லாம் மேஜையில்தான் இருக்கிறது.

புதிதாக வந்த வரலாற்றுப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள், படித்தால் இன்றைய செய்தியும் புரிய வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் அதை ஒற்றையாகப் படிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்தத் தடிமனான புத்தகம் சாம் டால்ரிம்பிள் எழுதிய 'ஷாட்டர்டு லேண்ட்ஸ்'. ஆங்கிலம், 2025-இல் வந்தது. பிரிவினை என்றதும் நமக்கு 1947தான் ஞாபகம் வரும். பஞ்சாப், வங்காளம், ரயில் நிறைய அகதிகள். இவர் ஐந்து பிரிவினைகள் என்கிறார். 1928-இல் 'இந்தியப் பேரரசு' என்ற பெயருக்குள் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். இன்றைய இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தோடு பர்மா (இன்றைய மியான்மர்), ஏடன் (இன்றைய ஏமனில் உள்ள துறைமுகம்), குவைத், கத்தார், துபாய் பக்கத்துச் ஷேக் நாடுகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அந்தப் பெயரின் கீழ் வந்தன. அங்கே தொடங்கி 1971 வங்கதேசப் போர் வரை வருகிறது புத்தகம்.

வளைகுடாக் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்தப் பகுதி நாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்தது டெல்லியில் இருந்த பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம். அந்தப் பொறுப்பு 1947 ஏப்ரல் 1 அன்று லண்டனுக்குப் போனது. நமக்குச் சுதந்திரம் வர நாலரை மாதம் இருக்கும்போது! அதற்குப் பிறகும் அங்கே ரூபாய்தான் ஓடியது. 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கு என்றே தனி நோட்டு அடித்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் துபாய்க்கு வேலைக்குப் போவதை எழுபதுகளில் தொடங்கிய கதையாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய திறப்பு.

சரி, பர்மாவுக்கு வருவோம். என்னைப் பிடித்து உட்கார வைத்தது இந்தப் பகுதிதான்.

1937 ஏப்ரல் 1. அன்று பர்மா இந்தியாவிலிருந்து சட்டப்படி பிரிந்தது. ஏடனும் அதே நாளில். 1935-இன் இந்திய அரசுச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. அன்றைக்குத் துப்பாக்கி வெடிக்கவில்லை, வேலி போடவில்லை, யாரும் மூட்டை கட்டவில்லை. ஆனால் முந்தின நாள் வரை ரங்கூனுக்குப் போவது கல்கத்தாவுக்குப் போவது மாதிரிதான். மறுநாள் அது வேறு நாடு.

எப்படிப்பட்ட ரங்கூன் அது? 1931 கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் தெலுங்கர்கள் அதிகம். தமிழர்கள் வயலில், ஆலையில், கடையில். செட்டிநாட்டிலிருந்து லேவாதேவிக்குப் போனவர்கள் தனி. அப்படி வெளியூருக்குத் தொழிலுக்குப் போவதைக் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். ரங்கூன் முகல் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள், அதாவது தங்கித் தொழில் நடத்திய இடங்கள், வரிசையாக இருந்தன.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் என்பதற்காக மறைக்கக் கூடாது. 1930-இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி. நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை, நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம். அவர்களுக்கும் நிலம் வேண்டாம், கொடுத்த பணம்தான் வேண்டும். ஆனால் தன் வயலில் தானே குத்தகைக்காரன் ஆகிவிட்ட விவசாயிக்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? அவன் கண்ணுக்கு வெள்ளைக்காரன் தூரத்தில் இருந்தான், செட்டியார் பக்கத்தில் இருந்தார். 1930-இல் ரங்கூன் துறைமுகத்தில் தொடங்கிய கலவரமும் 1938 கலவரமும் இந்தக் கோபத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

அப்புறம் யுத்தம். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியர்கள் ரங்கூன் மீது குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். நான்கைந்து லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அரக்கான் மலையைத் தாண்டிச் சிலர், எல்லை ஊரான தாமு வழியாக மணிப்பூருக்குப் பலர், மழை தொடங்கிய பிறகு வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக இன்னும் சிலர். காலரா, மலேரியா, பசி, முழங்கால் வரை சேறு. வழியில் செத்தவர்களை யாரும் சரியாக எண்ணவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு நல்ல வழி, இந்தியர்களுக்கு மோசமான வழி என்று பாகுபாடு காட்டுகிறார்கள் என்ற புகார் அப்போதே கடுமையாக எழுந்தது.

இந்த இடத்தில்தான் புதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மெலிந்த புத்தகத்தை எடுக்கச் சொல்கிறேன். இதோ, வெ. சாமிநாத சர்மா எழுதிய 'எனது பர்மா வழி நடைப் பயணம்'. ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய அதே சர்மா. பிளேட்டோவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர், ஹிட்லர், முசோலினி, கமால் அத்தாதுர்க் பற்றியெல்லாம் தமிழில் எழுதியவர். உலகத்தில் எங்கே என்ன நடக்கிறது என்று தமிழ் வாசகருக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், 1942-இல் தானே அகதியாக நடந்து இந்தியா வந்து சேர்ந்தார்.

ஐந்து பிரிவினைகளை ஒரே அட்டைக்குள் கொண்டுவரும் புத்தகத்தால் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்றுகொண்டிருக்க முடியாது. அதைக் குறை சொல்லவில்லை, எடுத்துக்கொண்ட வேலை அப்படி. மலை உச்சியிலிருந்து காட்டுவது போல அது முழு வழியையும் காட்டுகிறது. சர்மாவின் புத்தகத்தில் நடக்கிறவருடைய கால் இருக்கிறது. முன்னதை மட்டும் படித்தால் நான்கைந்து லட்சம் என்ற எண் மனதில் நிற்கும். பின்னதை மட்டும் படித்தால் இந்த மனிதர் ஏன் நடக்க வேண்டி வந்தது என்பது முழுதாகப் பிடிபடாது. நான் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் படித்தேன், பத்து நாள் ஆனது. சர்மாவின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, தேடினால் கிடைக்கும். ஆங்கிலப் புத்தகம் விலை அதிகம், நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

போன சனிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பீச் ஸ்டேஷன் எதிரே போனேன். அத்தோ கடை, அதாவது பர்மா நூடுல்ஸ் கடை. ஆரஞ்சு நிறத்தில் நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், எலுமிச்சை, மிளகாய்த்தூள். அந்த அண்ணன் எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்ற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன், இது எப்படி இங்கே வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வந்தது 1942-இல் இல்லை, பெரும்பாலும் அடுத்த அலையில். 1962-இல் நே வின் ராணுவ ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடத்தில் வங்கி, கடை, வியாபாரம் எல்லாம் அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். நகையையும் பணத்தையும் கொண்டுவர விடவில்லை. அப்படிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களுக்காக 1969-இல் அமைந்ததுதான் பர்மா பஜார்.

எல்லோரும் இங்கே தங்கிவிடவும் இல்லை. பிழைப்பு சரிவராமல் திரும்பப் பர்மாவுக்கே போய்விடலாம் என்று தரை வழியாகப் புறப்பட்ட சிலரை எல்லையில் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றைக்கும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. 2023 மே மாதம் மணிப்பூர் பற்றி எரிந்தபோது மோரேயும் எரிந்தது. அப்போது அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனவன் நான். இன்றைக்கு அந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்தால் 1937 ஏப்ரல் 1 ஞாபகம் வருகிறது. ரோஹிங்கியா மக்கள் 2017-இல் ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடியதும் இதே எல்லைக் கோட்டின் இன்னொரு முனையில்தான்.

ஜோடி சேர்த்துப் படிக்க இன்னொன்று, சுருக்கமாக. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908', 2024-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13, திருநெல்வேலி கொதித்து எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். பாடப்புத்தகத்தில் கப்பலும் செக்கும் வரும், இந்த நால்வர் வருவதில்லை. இதற்கு ஜோடி வ.உ.சி.யே செய்யுளில் எழுதிய சுயசரிதை. இதைப் பற்றித் தனி வீடியோ போடுகிறேன், இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

கேமராவை மேலே திருப்புகிறேன். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் கொண்டுவந்த காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே கேளுங்கள். கப்பல் சீட்டு, அகதி அட்டை, ரங்கூன் முகவரி எழுதிய கடிதம், வட்டிக் கணக்கு, எதுவானாலும். பரண் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் வைத்து முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். பாட்டி இருந்தால் அவர் நடந்து வந்தாரா, கப்பலில் வந்தாரா என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். கமெண்டில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதுங்கள், பெகு, மௌல்மின், மாண்டலே என்று. அடுத்த வாரம் அந்த ஊர்களை எல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொண்டு வருகிறேன்.