சாகாத நாயகிக்கு ஒரு நாவல்

(கூடலூரில், மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய வாசகர் வட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். நோயோடு மல்லுக்கட்டும் பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய நாவல் என்றதும் உங்களில் பலர் ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' என்பீர்கள். 2012இல் வந்தது. ஹேசலுக்கு வயது 16. தைராய்டில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டே நடக்கிறாள், காதலிக்கிறாள், யாராவது ஆறுதல் சொன்னால் எரிச்சல்படுகிறாள். அந்த எரிச்சல்தான் எனக்குப் பிடித்தது. நம் சினிமாவில் நோய் வந்த பெண் ஒரு தடவை இருமினாலே தெய்வமாகிவிடுவாள்!

ஆனால் இந்த வகைக் கதைகளில் பெரும்பாலானவை சாவை நோக்கியே ஓடுகின்றன. அதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

நம் மலையைப் பாருங்கள். சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயின் கூறு இந்தியாவில் முதன்முதலில் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. 1952இல், இங்குள்ள பழங்குடி மக்களிடம் கண்டார்கள். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்த நோயின் மரபணு வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு நோய். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். அப்போது எலும்பைக் குடைகிற மாதிரி வலிக்கும். குளிர் அதைக் கிளப்பிவிடும், உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் கிளம்பும். அந்த வலி அடிக்கடி வராமலிருக்க ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை போட்டுக்கொண்டு, படித்து, வேலைக்குப் போய், வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஒரு கதை யோசிப்போம். கூடலூர்ப் பெண், ஊட்டியில் விடுதியில் தங்கிப் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஜனவரி, உறைபனிக் காலம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். குடித்தால் அடிக்கடி எழுந்து போக வேண்டும். இந்த நோயில் சிறுநீரகமும் தண்ணீரைச் சரியாகப் பிடித்து வைக்காது. வகுப்பில் மூன்றாவது தடவை கை தூக்கினால் பையன்கள் சிரிக்கிறார்கள். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேறு இல்லை. சரி, இன்றைக்குக் குடிக்க வேண்டாம் என்று பாட்டிலை மூடி வைக்கிறாள். ராத்திரி வலி வருகிறது. இதிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது, வில்லன் தேவையில்லை.

அப்புறம் காதல். அவளுக்குப் பிடித்த பையனுக்கும் அந்த மரபணு இருக்கலாம். 'ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டியா?' என்று எப்போது கேட்பாள்? ஹேசலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவள் அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நம் பெண் யோசித்தாக வேண்டும், ஏனென்றால் அவள் சாகப்போவதில்லை.

இதை நான் எழுதினால் வெளியாள் எழுதியதாகத்தான் இருக்கும். அந்த வலி தெரிந்தவர்கள், இல்லை, வீட்டில் அக்காவுக்கோ தம்பிக்கோ பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஓர் அத்தியாயம் எழுதிக்கொண்டு வாருங்கள், ரஃப் நோட்டில் என்றாலும் பரவாயில்லை. எழுத்துப்பிழையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.