நூலகரிடம் கேளுங்கள்

வணக்கம் நேயர்களே.

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கும், ரூபாய்க்கு 10 பைசா. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு. ஈரோட்டிலோ கோபியிலோ வீடு வைத்திருப்பவர் எல்லோரும் நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உள்ளே போகிறார்களா என்பது வேறு விஷயம்.

கேட்டால், "எல்லாம் செல்போன்லயே இருக்குதுங்களே" என்பார்கள். இருக்கத்தான் செய்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய நூல்கள் பலவற்றைக் கிளை நூலகத்தில் தேடினாலும் கிடைக்காது. பட்டா, சிட்டாவை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மஞ்சள் பயிரில் நோய் என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தமிழிலேயே படிக்கலாம். ஆனால் அதே செல்போனுக்குத்தான் மற்றதும் வருகிறது.

2023 மார்ச் மாதம் திருப்பூர் பட்ட பாடு நினைவிருக்கும். பீகார் தொழிலாளர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று, திருப்பூரில் பீகார்காரர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. காவல்துறை மறுத்தது, பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து விசாரித்தது. அதற்குள் பனியன் கம்பெனிகளில் பயம் பரவிவிட்டது. கவனியுங்கள், படம் நிஜம். அதோடு சேர்த்து அனுப்பிய வாசகம்தான் பொய்.

புதுப் புத்தகம் வந்தால் நூலகர் முதலில் புரட்டுவது தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும்தான். எழுதியவர் யார், வெளியிட்டவர் யார், எந்த ஆண்டு, எத்தனையாவது பதிப்பு? வாட்ஸ்அப்பில் வருவது அந்தப் பக்கம் கிழிந்த புத்தகம். யார் எடுத்தது, எந்த ஊர், எப்போது என்று எதுவும் இருக்காது. ஆனாலும் அதைத்தான் குடும்பத்தோடு உட்கார்ந்து நம்புகிறோம்!

சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. அன்றைக்கு அலமாரியில் சட்டென்று எடுத்துக் கொடுத்தால் நேரம் மிச்சம். இன்றைக்கு வந்து குவிவதில் எதைத் தள்ளுவது என்று காட்டினால்தான் மிச்சம்.

நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டால் நூலகம் நவீனமாகிவிட்டது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. செல்போனை நீட்டி "இது நெசமுங்களா?" என்று கேட்க அங்கே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பயிற்சி வேண்டும். அப்புறம், பழைய நாளிதழ்களை எடைக்குப் போட்டுவிடக் கூடாது. தேதியைச் சரிபார்க்க அதைவிடச் சாட்சி ஏது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்தான் இப்போது நூலக நாற்காலிகளை நிரப்புகிறார்கள், நல்லதுதான். தோட்டத்துக்காரர்களும் தறிக்காரர்களும் ஒரு நடை போய்க் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கிளை நூலகங்களுக்கு அன்றுதான் வார விடுமுறை.

நன்றி, வணக்கம்.